விட்ட பின் தொடு

திமிஷோவாராவில் கடைசி டிராமும் போய்விட்டது.
பேகா வாய்க்காலின் ஓரம் மெல்ல உறைகிறது.
நான்காம் கூடத்தில் விளக்கு.
என் பொறுப்பில் ஓர் இரும்பு அலமாரி,
அதற்குள் நூற்று இருபத்தெட்டு ரிலே,
ஒரே ஒரு மீட்டர்.

ஒன்றுதான். அதன் விலை அப்படி.
இருக்கும் ஒரே டாக்டரை
வார்டு வார்டாக அழைத்துப் போவதுபோல
போர்டின் ஒவ்வொரு புள்ளியிடமும்
அதைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

நான்கு கிடை, முப்பத்திரண்டு நெடுக்கை.
கோடும் கோடும் வெட்டும் இடமெல்லாம்
ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் இரண்டு உலோக நாணல்,
நடுவே மயிரிழை வெளி.
சுருளில் மின்சாரம் வந்தால் ஒட்டும், போனால் விலகும்.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவே.

கேபிளுக்குப் பெயர் ஒட்டியது டோரின்.
அவன் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்;
அதில் ஒரு பிற்பகல் போனது.
மின்சாரம் சுமக்க ஒரு ஜோடிக் கம்பி,
அளவு கேட்க வேறொரு ஜோடி.
சுமப்பவனிடமே கணக்குக் கேட்கக்கூடாது
என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

நவம்பரில் மேலிருந்து தாள் வந்தது:
ஒரு போர்டுக்குப் பதினான்கு விநாடி அதிகம்.
பதினொன்று போதும்.

தேடினேன்.
ஒன்றை விட்டு அடுத்ததைத் தொடுமுன்
நாணல் நடுங்கி அடங்க
ஐந்து மில்லிசெகண்ட் கொடுத்திருந்தேன்.
ஐந்தை ஒன்றாக்கினேன்.
எழுநூற்றைம்பது காத்திருப்புகளில்
மூன்று விநாடி மிச்சம்.
கேண்டீனில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

பிறகு சிவப்புத் தொட்டி நிரம்பத் தொடங்கியது.
ஓர் இரவில் ஐம்பத்து மூன்று போர்டு.
ஈயப்பற்றைச் சந்தேகித்தேன், ஈரப்பதத்தை,
கனெக்டர் விற்றவனை,
டோரினின் ஒன்றை, ஏழை.
என் ஒன்றை மட்டும் சந்தேகிக்கவில்லை.

இரவுப் பணியில் போர்டு ஏற்றும் இல்திகோ வந்து நின்றாள்.
என் ஹங்கேரியம் போலத்தான் அவள் ருமேனியமும்,
கல்லில் நடக்கும் வெறுங்கால்.
"ஸ்மராந்தா, உன் மழை சரியில்லை."
என்ன மழை?
மேசையில் நகத்தால் தட்டிக் காட்டினாள்.
டிக் டிக் டிக். ஒரு வெற்றிடம். டிக்.
"இங்கே ஒரு துளி விழுவதில்லை. செவ்வாயிலிருந்து."

அவளுக்கு வோல்ட் தெரியாது.
ஏழு மணி நேரம் அந்தத் தகரச் சாரலின் கீழ்
நிற்கிறவள் அவள்தான்.

இழுத்துத் திறந்தேன்.
இரண்டாம் கிடை, பதினேழாம் நெடுக்கை.
சுருளில் மின்சாரம் இல்லை. ஆனாலும் மூடிக் கிடந்தது.
பழையது கையை விடுமுன்
புதியதன் கையைப் பிடிக்க வைத்திருக்கிறேன்,
ஒவ்வோர் இரவும், ஆயிரம் தடவை.
ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு எட்டாத ஒரு பொறி.
பொறி உருக்கியது, உருகியது பற்றியது.
ஒட்டிப்போனதற்கு ஒட்டும் ஓசை ஏது?

ரிலேயை மாற்றினேன்.
ஐந்தை ஐந்தாகவே திருப்பி எழுதினேன்.
முதல் வரியில்: எல்லாவற்றையும் விடு.
இரண்டாம் வரியில்: விட்டதா, பார்.
சிவப்புத் தொட்டியை மறுபடி ஓட்டினோம்.
ஐம்பத்து மூன்றும் நல்லவை.

இல்திகோ சிரித்தாள். டோரினும்.
நான் பச்சைத் தொட்டியைப் பார்த்தேன்.
காலியாக இருந்தது.
பக்கத்துப் புள்ளியின் வோல்ட்டை இரவல் வாங்கித்
தேறிப்போனவை எத்தனை?
செவ்வாயிலிருந்து மூன்று லாரி.
கடைசி லாரி இந்நேரம் ஆராத்தைத் தாண்டியிருக்கும்.
ஒவ்வொரு போர்டும் யாரோ ஒருவரின் பிரேக்குக்கு.

நாலே கால் மணி. எண்ணை அழுத்தினேன்.
மறுமுனையில் தூக்கம் கலைந்த ஒரு குரல், ஹலோ என்றது.
அதற்கும் என் குரலுக்கும் நடுவே
நான் எடுத்துக்கொண்ட நேரம்
ஐந்து மில்லிசெகண்டைவிட
மிக நீளம்.